கீறிக் கீறி வழவழப்பு

உப்புத்தாள் கீறுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கூர்முனைப் பருக்கைகள் ஒட்டியிருக்கின்றன. எதன்மேல் தேய்த்தாலும் அது கீறத்தான் செய்யும். ஆனால் தச்சர் மேசை விளிம்பை வழவழப்பாக்குவதும், பெயின்டர் கதவை மெருகுக்குத் தயார் செய்வதும் அதே தாளைக் கொண்டுதான். கீறுகிற பொருள் எப்படி வழவழப்பைத் தரும்?

நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் கண்ணாடி மெருகேறுவதைப் பற்றிப் பேசும்போது இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறார். மெருகேற்றும்போது கீறல்கள் மறைவதில்லை, கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறுத்துப்போகின்றன என்பது அதன் சாரம். விடை சரிதான். ஆனால் அது கண்ணை மட்டும் நடுவராக வைத்துக்கொண்ட விடை. தொட்டுப் பார்க்கவும் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டிய பொருளானால் கைக்கும் ஒரு வாக்கு உண்டு. கண்ணும் கையும் ஒரே தீர்ப்பைச் சொல்லும் என்று யாரும் உறுதி தரவில்லை.

கையால் செய்யப்படும் கத்திகளின் செயற்கைப் பிடி இதை ஆராய்வதற்கு நல்ல இடம். அமெரிக்காவில் வேட்டைக் கத்திகளைத் தனித்தனியாகச் செய்து விற்கும் கைவினைஞர்களிடம் ஒரு கேள்வி ஓயாமல் உலவுகிறது: பிடியை எந்த நம்பர் தாளோடு நிறுத்துவது? 400-இல் நிறுத்துபவர்கள் உண்டு. 2000 வரை போய், பஞ்சுச் சக்கரத்தில் பளபளப்பேற்றுபவர்களும் உண்டு. இது வெறும் ரசனைச் சண்டையாகத் தோன்றும். என் வாதம் வேறு. பிடிக்குள் இருக்கும் நாரின் பருமன், ஒளியின் அலைநீளம், தோலின் மென்மை ஆகிய மூன்று அளவுகள் தெரிந்துவிட்டால், ரசனைக்கு மிஞ்சும் இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

துணியும் பிசினும்

லியோ பேக்லண்ட் 1907-இல் பேக்கலைட் என்ற பிசினை உருவாக்கினார். சூடாக்கி அழுத்தினால் கல்லாக இறுகி, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் இளகாத பிசின் அது. இந்த வகையை 'வெப்பத்தால் இறுகும் பிளாஸ்டிக்' என்பார்கள். வாளி, குடம் செய்யும் பிளாஸ்டிக் வேறு வகை. அது 'வெப்பத்தால் இளகும் பிளாஸ்டிக்'. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும். 1910-ஐ ஒட்டி வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் இத்தகைய பிசினில் துணியையும் காகிதத்தையும் ஊறவைத்து, பல அடுக்குகளாக அழுத்திச் சுட்டு, மின்காப்புப் பலகையாக்கியது. அதன் பெயர் மைக்கார்ட்டா. அங்கே வேலை பார்த்த இருவர் வெளியேறி 1913-இல் தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு மேசைப் பரப்புகளால் உலகப் புகழ்பெற்ற ஃபார்மைக்கா. மின்சாரத்துக்காகப் பிறந்த இந்தப் பலகை, ஈரத்தில் ஊதாது, வெயிலில் வெடிக்காது என்பதால் கத்திப் பிடிக்கும் வந்துசேர்ந்தது. கலிபோர்னியாவின் பாப் லவ்லெஸ் போன்ற புகழ்பெற்ற கத்திக் கலைஞர்கள் அதைக் கையாண்டபின், மரத்துக்கும் மான்கொம்புக்கும் சமமான மதிப்பு அதற்குக் கிடைத்தது.

பருத்தித் துணிக்குப் பதில் கண்ணாடி நாரால் நெய்த துணியும், பேக்கலைட் வகைக்குப் பதில் எப்பாக்ஸிப் பிசினும் சேர்ந்தால் ஜி-10. நம் கைப்பேசிக்குள் இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகை அதன் நெருங்கிய உறவுதான். தீப்பிடிக்காதபடி மாற்றப்பட்ட எஃப்.ஆர்-4. பிடியை உருவாக்கப் பலகையிலிருந்து இரண்டு தட்டுகள் வெட்டி, கத்தியிலிருந்து பின்னால் நீளும் இரும்பு நாக்கின் இருபுறமும் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, பித்தளை ஊசிகளால் இறுக்குகிறார்கள். பிறகு அரத்தாலும் ஓடும் உப்புப்பட்டையாலும் உருண்டையாக வடிவெடுக்கிறார்கள். அப்படி வளைவாக வெட்டும்போது அடுக்குகள் சாய்வாக அறுபட்டு, துணியின் நெசவு வளையம் வளையமாக மேலே தெரியும். மைக்கார்ட்டாவின் அழகே அதுதான்.

மேலே தெரிவது ஒற்றைப் பொருள் அல்ல என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாரும் பிசினும் மாறி மாறி எட்டிப்பார்க்கின்றன. பருத்தி நாரின் பருமன் 12 முதல் 20 மைக்ரான். கண்ணாடி நாருக்குப் பத்து மைக்ரானை ஒட்டி. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும்.

ஒரு பிடியின் கணக்கு

கான்வாஸ் மைக்கார்ட்டா போட்ட ஒரு வேட்டைக் கத்தியை எடுத்துக்கொள்வோம். வடிவ வேலை முடிந்துவிட்டது, இனி தாள்தான். உப்புத்தாளின் நம்பர் கூடக்கூடப் பருக்கை சிறுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஐரோப்பியத் தர வரிசையில், அதாவது நம்பருக்கு முன் 'பி' என்று அச்சிட்ட தாள்களில், சராசரிப் பருக்கை அளவு 120-க்கு 125 மைக்ரான், 220-க்கு 68, 400-க்கு 35, 600-க்கு 26, 2000-க்கு 10. (பி இல்லாத பழைய அமெரிக்க வரிசையில் 400 என்றால் 23 மைக்ரான்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றித் தேய்ப்பவர்கள், நம்பர் ஏறினாலும் கீறல் சிறுக்காததைக் கண்டு குழம்புவார்கள்.)

பருக்கை முழுதும் பொருளுக்குள் இறங்காது. நுனி மட்டும்தான் உழும். எவ்வளவு இறங்கும் என்பது அழுத்தத்தையும் பொருளையும் பொறுத்தது. விளக்கத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 120 நம்பர் தாள் 25 மைக்ரான் ஆழக் கீறலை விட்டுப்போகும். 220 தாள் விடுவது 14, 400 விடுவது 7, 600 விடுவது 5, 2000 விடுவது 2. இப்போது 220 தாளை எடுத்த கைவினைஞரின் வேலை என்ன? 14 மைக்ரான் கீறல்களைப் போடுவதல்ல. பிடி முழுவதிலும் 25 மைக்ரான் தேய்த்து, 120 விட்ட கீறலின் அடிமட்டம் வரை போவது. மேட்டை மட்டும் தேய்த்துவிட்டுப் பள்ளத்தை விட்டால், பழைய கீறல் கொஞ்சம் ஆழம் குறைந்து அங்கேயே கிடக்கும். அடுத்து வரும் 400 தாள் 14 மைக்ரான் தேய்க்க வேண்டும், 600 தாள் 7. மொத்தம் 46 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான், 120-க்குப் பிறகு பிடியின் வடிவத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண். அந்தக் கட்டத்துக்குமேல் நடப்பதெல்லாம் ஒரு முடிப் பருமனுக்குள் நடக்கிற வேலை.

220-ஐத் தாண்டி நேரே 400-க்குப் போனால் என்ன என்று கேட்கலாம். போகலாம், இயற்கை தடுக்கவில்லை. ஆனால் 14 மைக்ரான் தேய்த்தால் போதும் என்றிருந்த தாள் இப்போது 25 தேய்க்க வேண்டும். அதன் சின்னப் பருக்கைகளின் இடுக்குகளில் பிசின் தூள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், முனைகளும் மழுங்கும். மழுங்கிய தாள் வெட்டாது, மேட்டை உரசி மினுக்கும். மினுக்கம் கண்டதும் வேலை முடிந்தது என்று கை நிற்கும். மிச்சமிருக்கும் 120-இன் கீறல் அப்போது தெரியாது, ஏனென்றால் சுற்றிலும் கீறல்தான். 2000-க்குப் போய்ப் பளபளப்பு ஏறிய பிறகு, சுற்றியுள்ளவை மறைந்துவிட, அது மட்டும் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். நம்பருக்கு நம்பர் தேய்க்கும் திசையை மாற்றுவது இதற்கான பழைய தந்திரம். நெடுக்கே தேய்த்ததற்குமேல் குறுக்கே தேய்த்தால், நெடுக்குக் கோடு ஒன்றாவது மிஞ்சும்வரை வேலை பாக்கி என்று கண் உடனே சொல்லிவிடும்.

மேடும் பள்ளமும்

தேய்மானத்தைப் பற்றி, கண்ணாடித் தொழிலை ஆராய்ந்த பிரெஸ்டன் 1927-இல் ஒரு எளிய உறவைச் சொன்னார். ஓரிடத்தில் எவ்வளவு தேயும் என்பது அங்கே விழும் அழுத்தத்தையும் தேய்க்கும் வேகத்தையும் பொறுத்தது. தாளுக்குப் பின்னால் கட்டையான இரும்புத் துண்டை வைத்துத் தேய்த்தால், மேட்டின்மேல்தான் தாள் அமரும். அழுத்தம் முழுதும் அங்கே. மேடு தேய்ந்து சமமாகும். விரலால் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதையும் சேர்த்துத் தேய்க்கும்.

பிடியில் இது பெரிய விஷயம். இரும்பு நாக்கு கடினம், பித்தளை ஊசி நடுத்தரம், மைக்கார்ட்டா எல்லாவற்றையும்விட மெத்து. விரலை நம்பித் தேய்த்தால் மைக்கார்ட்டா பள்ளமாகி, இரும்பின் விளிம்பு கையில் நெருடும். நுண்ணிய அளவில் இதே கதை நாருக்கும் பிசினுக்கும் இடையே நடக்கிறது. மழை மண்ணை அரித்துக்கொண்டு போக மரத்தின் வேர்கள் மட்டும் துருத்தி நிற்குமே, அப்படித்தான் நொறுங்கும் பிசின் தூளாகிப் போக, வளைந்துகொடுக்கும் பருத்தி நார்கள் அறுபடாமல் மயிர்போல எழுந்து நிற்கும். மணித்துகளைக் காற்றோடு பீய்ச்சி அடித்து மைக்கார்ட்டாவுக்குச் சொரசொரப்பு தருபவர்கள் வேண்டுமென்றே இதைத்தான் செய்கிறார்கள். ஜி-10-இல் நார் கண்ணாடி, வளையாது, முறியும். எனவே அங்கே மயிர் எழாது. ஆனால் கண்ணாடியின் கடினத்தால் தாள் வெகு சீக்கிரம் மழுங்கும்.

மேலே சொன்ன கீறல் ஆழங்களை நாரின் பருமனோடு சேர்த்து வையுங்கள். 120 நம்பரின் 25 மைக்ரான் கீறல் பருத்தி நாரைவிடப் பெரியது. நாரையும் பிசினையும் ஒன்றாகவே உழுதுகொண்டு போகிறது. 400-இன் 7 மைக்ரான் நாரைவிடச் சிறியது. இந்த இடத்திலிருந்துதான் தாள் நாரைத் தனியாகவும் பிசினைத் தனியாகவும் சந்திக்கிறது. நெசவு தெளிவாகத் தெரியத் தொடங்குவதும் இங்கேதான். 400 என்ற எண் மைக்கார்ட்டாக்காரர்களிடம் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

சூடும் தூசும்

மெருகு பற்றிய நியூட்டனின் கருத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி என்ற வேதியியலாளர், மெருகேற்றும்போது மேற்பரப்பு பாகுபோல் வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார். வெகுகாலம் அது ஏற்கப்பட்டது. பின்னர் நுண்ணோக்கி ஆய்வுகள் உலோகத்தில் மெருகேற்றுதல் பெரும்பாலும் நுண்ணிய வெட்டுதான் என்று காட்டின. பிளாஸ்டிக்கில் இருவர் சொன்னதற்கும் இடம் உண்டு, இங்கேதான் முன்பு சொன்ன வேறுபாடு வருகிறது. அக்ரிலிக் பிடி வெப்பத்தால் இளகும் வகை. 100 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினாலே மெத்தென்றாகிவிடும். வேகமாக ஓடும் பட்டையில் அழுத்தினால் அது உண்மையிலேயே இழுபட்டு வழிந்து, கீறலை மூடிவைத்து ஏமாற்றும். மைக்கார்ட்டாவும் ஜி-10-உம் அப்படி வழியாது. கூடிப்போனால் கருகும்.

அதற்காக அவற்றைச் சூடாக்கலாம் என்று பொருளில்லை. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம்; எஃகு கடத்துவதில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் கடத்தும். உரசலில் பிறக்கும் சூடு மேலேயே தேங்கும். ஆனால் நடுவே ஓடும் இரும்பு நாக்கின் விளிம்பும் பித்தளை ஊசியின் தலையும் அதே பட்டையில் உரசிச் சூடாகி, அந்தச் சூட்டை நேரே பசைக்குக் கொண்டுபோகும். பிடித்தட்டை ஒட்டிய சாதாரண எப்பாக்ஸி, பலகைக்குள் இருக்கும் எப்பாக்ஸியைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் தளரும். வெளியே ஒரு தழும்பும் தெரியாமல் உள்ளே ஒட்டு விட்டுப்போன பிடிகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊசியின் தலையைக் கை தொட முடியாதபோது நிறுத்த வேண்டும் என்ற விதி, வெப்பமானி இல்லாத பட்டறைக்கு நல்ல விதி.

தூசியைப் பற்றி அலட்சியமாகப் பேசுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. கண்ணாடி நார் கல்நாரைப் போன்றது அல்ல. கல்நார் நெடுக்கே பிளந்து மேலும் மேலும் மெலியும். கண்ணாடி நார் குறுக்கே முறியும், பருமன் மாறாது. அது ஒரு ஆறுதல். ஆனால் அதோடு பறக்கும் கண்ணாடிப் பொடியும் பிசின் பொடியும் நுரையீரலுக்குள் போகத்தக்க அளவிலும் இருக்கும். தோலிலும் தொண்டையிலும் அரிப்பு நிச்சயம். கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. துகள் வடிகட்டும் முகமூடி வேண்டும். இதைவிட நல்ல வழி, தூசி எழாமலே செய்வது. த்ரீ-எம் நிறுவனம் 1921-இல் நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை விற்கத் தொடங்கியபோது, கார்ப் பட்டறைகளில் தூசியைக் குறைத்தது அதன் பெரிய வரவேற்புக்கு ஒரு காரணம். நம் ஊர்க் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவது அந்த வகைதான். நீர் தூசியை அடக்கும், சூட்டை இறக்கும், பருக்கை இடுக்குகளையும் கழுவும்.

கறுப்பு ஏன் வெளுக்கிறது?

கறுப்பு மைக்கார்ட்டாவை 220 தாளால் தேய்த்தால் சாம்பல் நிறமாகிவிடும். சாயம் போய்விட்டதோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறுப்பு திரும்பும். காய்ந்தால் மறுபடி சாம்பல். நிறம் எங்கும் போகவில்லை. பிசினின் மேல் விழும் ஒளியில் சுமார் 5 சதவீதம் உள்ளே போகாமல் மேலேயே திரும்பிவிடுகிறது. மேற்பரப்பு சமமாக இருந்தால் அது ஒரே திசையில் போகும். அந்தத் திசையில் கண்ணை வைத்தால் பளபளப்பு, மற்ற இடத்திலிருந்து பார்த்தால் சுத்தக் கறுப்பு. கீறல்கள் நிறைந்திருந்தால் அந்த 5 சதவீதம் எல்லாத் திசைகளிலும் சிதறும். எங்கிருந்து பார்த்தாலும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளை கலந்தே கண்ணுக்கு வரும். நீர் படர்ந்தால் இரண்டு நடக்கின்றன. கீறலை நிரப்பி மேலே சமதளம் உண்டாகிறது. நீருக்கும் பிசினுக்கும் ஒளியியல் வேறுபாடு குறைவு என்பதால் அந்த எல்லையில் திரும்பும் ஒளியும் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எண்ணெய் இன்னும் நெருக்கம், அதனால் இன்னும் கறுப்பு.

இதிலிருந்து பட்டறைக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. ஈரமான பிடி எப்போதும் அழகாக இருக்கும், அதை நம்பக்கூடாது. நீர் கீறலை மறைத்துவிடுகிறது. முடிந்ததா என்று பார்க்க வேண்டுமானால் நன்றாகக் காயவைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த நம்பரில் பளபளப்பு வரும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மேடுபள்ளம் அதைவிட நன்றாகச் சிறுத்தால்தான் ஒளி ஒரே திசையில் திரும்பும். 600 விட்ட 5 மைக்ரான் அதற்குப் பத்து மடங்கு பெரியது. 2000-இன் 2 மைக்ரான்கூடப் போதாது. எனவே கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் தாள் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகள் கலந்த மெருகுப்பசை தேவை. 400-க்கும் 2000-க்கும் இடையே செலவழிக்கும் உழைப்பில் பெரும்பகுதி, பளபளப்பின் வாசலுக்குக்கூடப் போகாத உழைப்பு.

கை கேட்பது

கைக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியவா போகிறது என்று கேட்டால், தெரியும். 2013-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் நுண்ணிய சுருக்கங்கள் கொண்ட பரப்புகளை மக்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கத்தையும் விரல் வேறுபடுத்தியது. ஒரு மைக்ரானில் எழுபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஓடும் விரல் கண்ணுக்குச் சளைத்ததல்ல. ஆனால் உணர்வது வேறு, பிடிப்பது வேறு. பிடிப்பில்தான் பொதுப்புத்தி தடுமாறுகிறது. சொரசொரப்பானது வழுக்காது, வழவழப்பானது வழுக்கும் என்பது பாதிதான் உண்மை. தோல் மெத்தென்ற பொருள். சமமான பரப்பில் அது நன்றாகப் படிந்து, அதிகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இலேசாக வியர்த்த விரல் இன்னும் மென்மையாகி இன்னும் அதிகம் ஒட்டும். கண்ணாடி டம்ளரில் வியர்வை விரல் கிறீச்சிடுவது அதனால்தான். ஆகவே பளபளப்பேற்றிய ஜி-10 பிடி, காய்ந்த கையிலோ சற்றே வியர்த்த கையிலோ கெட்டியாகவே நிற்கும். கடையில் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு அதில் குறையே தெரியாது.

நிலைமை மாறுவது நீரோ கொழுப்போ ஏராளமாக வரும்போது. வேட்டைக் கத்தி மானின் தோலை உரிக்கும்போது கை முழுக்க இரத்தமும் நிணமும். அந்தப் படலம் தோலுக்கும் சமமான பரப்புக்கும் நடுவே புகுந்தால், இரண்டும் தொடுவதே இல்லை. அப்போது படலத்தைத் துளைத்து வெளியே நிற்கும் மேடுகளும், அது வடிந்துபோகப் பள்ளங்களும் வேண்டும். 400-இல் நிறுத்திய கான்வாஸ் மைக்கார்ட்டாவில் இரண்டும் இருக்கின்றன. அறுபட்ட பருத்தி நுனிகள் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி எழுந்து நிற்கவும் செய்யும். நனைந்தால் பிடிப்பு கூடுகிறது என்று கத்திக்காரர்கள் மைக்கார்ட்டாவைப் பற்றிச் சொல்வதில் மிகை இருக்கலாம், ஆனால் அடிப்படை இல்லாமல் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு, இரண்டும் கனமானவை. பிடிப்பைத் தருவது மேற்பரப்பு அல்ல, வடிவம். விரலுக்கு முன்னால் ஒரு தடுப்பு, உள்ளங்கையில் ஒரு புடைப்பு, பின்னால் ஒரு கொக்கி இருந்தால் கண்ணாடிப் பிடிகூட நழுவாது என்பது ஒன்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிவம் தடுப்பது கை முன்னோக்கி வழுக்குவதை. உள்ளங்கைக்குள் கத்தி சுழலுவதைத் தடுப்பதில் மேற்பரப்புக்குத்தான் பங்கு அதிகம், அதிலும் பிடி உருண்டையாக இருந்தால். இரண்டாவது மறுப்பு சுத்தம் பற்றியது. பள்ளம் இருந்தால் நிணம் தங்கும், கிருமி தங்கும். உணவுத் தொழிற்கூடங்களில் இடுக்கில்லாத, எளிதில் கழுவத்தக்க பிடிகளைக் கேட்பது இதனால்தான். சமையலறைக் கத்திக்கு நானும் அதே பக்கம்தான். பருத்தி நார் எட்டிப்பார்க்கும் பரப்பைவிட, நார் ஈரம் குடிக்காத ஜி-10-ஐ 800 வரை கொண்டுபோவது அங்கே பொருத்தம். வேட்டைக் கத்தியின் எண்ணைச் சமையல் கத்திக்குப் போடுவதும், காட்சிப் பெட்டிக் கத்தியின் எண்ணை வேட்டைக் கத்திக்குப் போடுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

கடைசியாக, எந்த எண்ணில் நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்பதில்லை. உள்ளங்கையும் அதில் ஒட்டிய மண்ணும் சேர்ந்து பிடியை அன்றாடம் தேய்க்கின்றன. எழுந்து நின்ற நார் நுனிகள் படிகின்றன, கையின் எண்ணெய் ஊறி நிறம் கறுக்கிறது, 400-இல் விட்ட மைக்கார்ட்டா சில ஆண்டுகளில் மேடான இடங்களில் மினுமினுக்கத் தொடங்குகிறது. மரப்பிடியாக இருந்தால் எண்ணெய்ப் பூச்சோ மெழுகோ வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மைக்கார்ட்டாவில் பூச்சு என்று ஒன்று இல்லை. மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே பொருள். நனைத்த 400 நம்பர் தாளால் நெடுக்கே நாலைந்து முறை இழுத்தால் போதும், சில மைக்ரான் போகும், பிடிப்பு திரும்பிவிடும். பளபளப்பேற்றிய பிடியில் கீறல் விழுந்தால் இந்த வசதி கிடையாது. கீறலின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த நம்பர் வரை கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.